பல் டாக்டரின் வெண்கலப் புஷ்

பிப்ரவரி 3

அன்புள்ள பல் டாக்டர் தம்பிக்கு,

நான் நலம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன்; நீங்களாக எழுதப் போவதில்லை.

உங்கள் அண்ணன் போய் எட்டு மாதம் ஆகிறது. கார் ஷெட்டில் அவருடைய லேத்தும் மில்லிங் மெஷினும் போர்வை போர்த்தி நிற்கின்றன. கார் இல்லாத வீட்டில் கார் ஷெட் எதற்கு என்று நான் கேட்காத நாளில்லை. அவர் பதில் சொன்ன நாளும் இல்லை.

போன வருடம் எங்கள் சாப்பாட்டு மேஜையில், என் காதுபடத்தான் சொன்னார்: "எனக்கப்புறம் ரெண்டு மெஷினும் உனக்குத்தான்டா, டாக்டர்." நீங்கள் மறந்ததுபோல் இருக்கிறீர்கள். கூச்சம் என்று நினைக்கிறேன். இந்த வீட்டில் கொடுத்த வார்த்தை கொடுத்ததுதான். மார்ச் முதல் ஞாயிறு லாரியோடு வாருங்கள்.

ஆறு வருடத்துக்கு முன் நீங்கள் இரவல் வாங்கிப் போன அவருடைய மில்லிங் வைஸை, மெஷின் மேஜைமேல் இரும்பை நகராமல் கவ்விப் பிடிக்கிற அதை, இனித் திருப்பித் தர வேண்டாம். மெஷினே அதைத் தேடி வருகிறது.

கையெழுத்தைத் திருத்துங்கள். உங்கள் போன கடிதத்தை மருந்துக் கடையில் கொடுத்துப் படித்தேன்.

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 11

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

மருந்துக் கடைக்கு வேலை வைக்காமல், எழுத்தெழுத்தாகப் பிரித்து எழுதுகிறேன்.

நான் மறக்கவில்லை. எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொன்னவனுக்கு அது சிரமம்தான். ஓய்வு பெற்றதிலிருந்து கை நமநமவென்கிறது. என் பழைய லேத்தில், சுழலும் தண்டைத் தாங்குகிற முன்பக்கத்து வெண்கலப் புஷ் தேய்ந்துவிட்டது. தண்டு ஆடும் பல் மாதிரி ஆடுகிறது. அதைச் செய்த கம்பெனியை மூடிப் பல வருடம் ஆயிற்று. இங்கே ஒரு பட்டறைக்குப் போனேன். "ஒத்தை பீஸுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, முட்டை வடிவத்தில் ஒன்று கடைந்து தந்தார்கள். அண்ணனிடம் சொன்னபோது, "விடு, நான் பார்த்துக்கறேன்" என்றார். அதற்குள் படுத்துவிட்டார்.

என் குட்டி நீராவி இன்ஜின் சக்கரமில்லாமல் நிற்கிறது. லாரி பேசிவிட்டேன். மார்ச் முதல் ஞாயிறு வருகிறேன்.

வணக்கத்துடன்,
உங்கள் பல் டாக்டர்

பிப்ரவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

லாரி சற்றுப் பொறுக்கட்டும். தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தவிர, அழுக்கோடு ஒரு பொருளைப் பிறர் வீட்டுக்கு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. துடைக்கத் தொடங்கினேன். துடைக்க வேண்டுமென்றால் கைப்பிடிகளைத் திருப்ப வேண்டும். திருப்பிய பின் ஓடுகிறதா என்று பார்க்காமல் விட முடியுமா? ஓடாத மெஷினைத் தலையில் கட்டினாள் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது. ஸ்விட்சைப் போட்டேன். அவ்வளவுதான்.

எதிர்வீட்டு அம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து, "என்னங்க, மிக்ஸில இரும்பைப் போட்டு அரைக்கிறீங்களா?" என்றாள்.

"ஆமா, உனக்கும் ஒரு கிண்ணம் தரவா?" என்றேன்.

மகள் போனில் தினமும் பாடம் நடத்துகிறாள். "அம்மா, அது கையை இழுத்துரும்மா." உங்கப்பா முப்பது வருஷம் அதோடு குடித்தனம் பண்ணிப் பத்து விரலோடுதான் போனார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம், சும்மா தெரிந்துகொள்ளத்தான். டூலின் முனை, கடையும் கம்பியின் நடுமட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டுமா, கொஞ்சம் கீழேயா? அவசரமில்லை. அடுத்த தபாலில் எழுதினால் போதும்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 1

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

சரியாக நடுமட்டத்தில்.

உங்கள் கடித உறையைப் பிரித்தபோது என் மடியில் ஒன்று விழுந்தது. இரும்புச் சுருள், ஒன்றரை அங்குலம், மயில்கழுத்து நிறம். துடைக்கிற துணியிலிருந்து இப்படிச் சுருள் வராது அண்ணி. நீலமாக வந்தால் சூடு அதிகம், டூல் மழுங்கிவிடும். பெல்ட்டை ஒரு படி மாற்றி வேகத்தைக் குறையுங்கள். வெள்ளையாக உரிய வேண்டும்.

லாரிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஏன் சார், மெஷின் வித்துப் போச்சா?" என்றார். "இல்லப்பா, மெஷினுக்கு ஆள் கிடைச்சாச்சு" என்றேன். இரண்டும் உங்களிடமே இருக்கட்டும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வணக்கத்துடன்,
பல் டாக்டர்

மார்ச் 9

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்து, இரண்டு தடவையும் கோபித்துக்கொண்டேன். அவர் கொடுத்த வார்த்தையைத் தள்ளுபடி செய்ய நீங்கள் யார்? விட்டுக்கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்ள நானும் ஆளில்லை. வருத்தமில்லை என்று எழுதிய வரியில் மட்டும் உங்கள் கையெழுத்து பழையபடி கோணியிருக்கிறது.

உண்மையை ஒப்புக்கொள்கிறேன். காலையில் காபி குடித்ததும், அவருடைய அரைக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கொண்டையை இறுக்கிக் கட்டி, ஷெட்டுக்குப் போய்விடுகிறேன். கான்வென்டில் தையல் சொல்லித் தந்த சிஸ்டர், ஒரு தையல் கோணினாலும் வரிசை முழுவதையும் பிரிக்கச் சொல்வார். இந்த லேத் அந்த சிஸ்டரின் உடன்பிறப்பு. முகத்தாட்சண்யமே கிடையாது. எனக்குப் பிடித்திருக்கிறது. கம்பியைக் கவ்விச் சுழற்றுகிற சக்கில் அதை இறுக்கும் சாவியை விட்டுவிட்டு ஸ்விட்ச் போடக் கூடாது என்பதும் தெரியும். "சாவி பறந்து வந்து பல்லைப் பேத்துரும், அப்புறம் டாக்டர் பில் போடுவான்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது சமையலறை வரை கேட்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். கீழ் டிராயரில் செய்தித்தாளில் சுற்றி இரண்டு வெண்கலத் துண்டுகள் இருந்தன. மேலே அவர் கையெழுத்து: "பல் டாக்டர் புஷ்." எதற்கு இரண்டு என்று கேட்காதீர்கள். முதலாவதை அவர் எப்போதும் கெடுத்துவிடுவார்.

ஆகையால் தேய்ந்த புஷ்ஷையும் அளவுகளையும் அனுப்புங்கள். நான் கடைவேன். அது சரியாக அமைந்தால் உங்களிடம் ஓடுகிற லேத் இருக்கும், என் மனசாட்சியும் சும்மா இருக்கும். மெஷின்களை நான் வைத்துக்கொள்கிறேன். அமையாவிட்டால் ஏப்ரல் கடைசி ஞாயிறு லாரி வர வேண்டும். நான் மூச்சு விடமாட்டேன்.

அண்ணி

மார்ச் 16

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறேன். பழைய புஷ் பார்சலில் வருகிறது. வெளிவிட்டம் 38 மில்லி. உள்விட்டம் 30, அதற்குமேல் ஒரு மில்லியை நூறாக்கினால் அதில் மூன்று பங்கு. எண்ணெய்க்கும் இடம் வேண்டுமல்லவா? நீளம் 50.

பயப்படாதீர்கள். வலிக்காது.

பல் டாக்டர்

ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

முதலாவதைக் கெடுத்துவிட்டேன்.

எழுத வெட்கமாக இருக்கிறது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான். நாற்பது மில்லி விட்டத்தை முப்பத்தொன்பதுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அளந்து பார்த்தேன். மிச்சம் ஒரு மில்லி. டயலில் ஒரு மில்லி திருப்பினேன். டூல் ஒரு பக்கத்திலிருந்து ஒரு மில்லி உள்ளே போனது. துண்டு சுற்றிக்கொண்டல்லவா இருக்கிறது? எல்லாப் பக்கத்திலும் போய்விட்டது. முப்பத்தேழு. பாதிதான் திருப்பியிருக்க வேண்டும். டயலுக்கு மேலே பெயிண்டில் "பாதி" என்று அவர் எழுதி வைத்திருந்ததை, அழுக்கு என்று நான்தான் பிப்ரவரியில் தேய்த்துத் துடைத்தேன். இப்போது என் கையால் எழுதியிருக்கிறேன், அவர் எழுத்தைவிட அழகாக.

உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். சொல்லவில்லை. கவனித்துக்கொண்டேன்.

கெட்ட புஷ் இந்தக் கடிதம் பறக்காமல் காகிதத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவதைத் தொட ஒரு வாரம் கை வரவில்லை. அதுவும் போனால் மெஷின்களும் போகும் என்று தெரியும். ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். கடைசிச் சீவலுக்கு மகளின் போனைக்கூட எடுக்கவில்லை. என் அளவுக்குச் சரியாக இருக்கிறது. பார்சலில் வருகிறது.

அதைப் பொருத்தியபின் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் நம்பமாட்டேன். நாற்பது வருடம் வலிக்காது, வலிக்காது என்று சொல்லிப் பல் பிடுங்கியவர் நீங்கள். அந்த லேத்தில் ஒரு சாண் கம்பியைக் கடைந்து அனுப்புங்கள். நீங்கள் அளக்க வேண்டாம். நான் அளக்கிறேன். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நூறில் இரண்டு பங்குக்குமேல் வித்தியாசம் இருந்தால் லாரியைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
அண்ணி

ஏப்ரல் 14

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

கம்பி எண்ணெய்த் தாளில் சுற்றி வருகிறது. சத்தியமாக அளக்கவில்லை. மைக்ரோமீட்டரை வீட்டுக்காரியிடம் கொடுத்துப் பீரோவில் பூட்டச் சொன்னேன். "கம்பியை அவங்க அளக்கட்டும், இந்த வீட்டுல யாருக்குப் பைத்தியம்னு நான் அளக்கிறேன்" என்றாள்.

டயலைப் பற்றிச் சொல்லாததற்கு மன்னிக்க வேண்டும். முன்பு அண்ணனும் எனக்குச் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

புஷ் உள்ளே போனபோது எப்படி இருந்தது என்று நான் சொல்லக் கூடாது, நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் தண்டைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டேன். அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன் என்பதை மட்டும் சொல்லலாம் அல்லவா?

பல் டாக்டர்

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

கம்பியை ஒரு நாள் முழுவதும் மேஜைமேல் வைத்திருந்துவிட்டு, இன்று காலை மூன்று தடவை அளந்தேன். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நூறில் ஒரு பங்கு வித்தியாசம்.

சிஸ்டராக இருந்தால் இதையும் பிரிக்கச் சொல்லியிருப்பார். நான் விட்டுவிடுகிறேன்.

லாரி வேண்டாம். நீராவி இன்ஜினின் சக்கரத்தை நீங்களே உங்கள் லேத்தில் கடைந்துகொள்ளுங்கள். டயலைப் பாதி திருப்புங்கள்.

நேற்று மில்லிங் மெஷினின் போர்வையையும் எடுத்துவிட்டேன். அதன் மேஜை வெறுமையாக இருக்கிறது, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் எதை வைத்தாலும் நகர்கிறது. தபாலில் போட்டால் உடைத்துவிடுவார்கள். அடுத்த ஞாயிறு ரயிலேறி, நீங்களே கையோடு கொண்டு வாருங்கள், வீட்டுக்காரியையும் அழைத்துக்கொண்டு. மதியச் சாப்பாடு இங்கே.

என் வைஸ். ஆறு வருடம் ஆயிற்று.

அன்புடன்,
அண்ணி