தாழைத்துறைப் படகுகளைத் தள்ளற்க

முகில் இறங்கி இளைப்பாறும் சிகரங்களையும் கோடையிலும் வற்றாத சுனைகளையும் உடைய வெள்வரை நாட்டை ஆளும் பெருங்கோ நெடுங்கொற்றனாரின் ஆணைப்படி, முதலமைச்சர் ஆதன் கீரனார், அரசரின் இளவலும் தாழைத்துறைக் காவலின் தலைவருமாகிய இளங்கோ வெண்கொற்றனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் பாசறை நோயின்றி இருப்பதாக. தங்கள் கரையில் மீனும் உப்பும் குறையாதிருப்பதாக. தங்களோடு காவல் நிற்கும் ஒவ்வொருவரும் தத்தம் தாயிடம் நலமாய்த் திரும்புவாராக.

மேலே படிக்குமுன், ஒன்பது நாட்களுக்கு முன்பு இதே அமைச்சரின் கையெழுத்தில் வந்த ஓலையை எடுத்துத் தீயில் இடுக. கடலால் வந்தவருக்கு இந்நாட்டில் பிடி மண்ணும் உரிமையில்லை என்றும், தீமலை விழுங்கிய தம் தீவை விட்டுப் பதினொரு படகுகளில் வந்து உவர்நிலத்தில் தங்கியிருக்கும் முந்நூற்று நாற்பது பேரையும், காற்று கடல் நோக்கித் திரும்பும் நாளில் வந்த வழியே தள்ளிவிடுக என்றும் அவ்வோலை கூறியது. அச்சொற்கள் பெருங்கோவின் சொற்கள் அல்ல. அவர் மூன்று நாள் தயங்கினார். நியாயம் பேசி, பழைய முறைகளை எடுத்துக்காட்டி, முத்திரையிடச் செய்தவர் அமைச்சரே. ஆகவே நேர்ந்ததைச் சொல்லும் கடமையும் அவருடையதாயிற்று. அது நேர்ந்தது நேற்று முற்பகலில்; அதன்பின் உறங்காமல் அவர் எழுதுவது இது. எழுத்து கோணியிருந்தால் இளங்கோ பொறுத்தருள்க.

அரண்மனைப் பிள்ளைகள் கற்றதை அமைச்சர் அமாவாசைதோறும் கேட்டறிவது வழக்கம் என்பது தாங்கள் அறிந்ததே. தாங்களும் ஒரு காலத்தில் அவர் கேள்விக்குப் பயந்து குதிரைக் கொட்டிலில் ஒளிந்தவர்தாம். இம்முறை பாடம் சொன்னவர் பவளத்தி என்னும் ஆசிரியை. கலமோட்டியான கணவனுடன் ஆறாண்டு கடலில் திரிந்தவர், வயது முப்பதைத் தாண்டாதவர். படகுகளில் வந்தோரிடமிருந்து பிணையாகக் கொண்டுவந்த ஆறு பிள்ளைகளும் அங்கே அமர்ந்திருந்தார்கள். வழக்கைப் பெரியவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும், அதுவரை இவர்கள் ஏன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று பட்டத்தரசி கேட்டதால் வந்த ஏற்பாடு அது. அமைச்சருக்கு அதில் உடன்பாடில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போய் உட்கார்ந்தார்.

முற்றத்தின் நடுவே பெரிய செப்பு அண்டா. அதில் உப்புக் கரைத்த நீர். களிமண் உருண்டைகள் தீவுகளாக ஆங்காங்கே தலை நீட்டின. மூங்கில் பட்டையில் செய்த சிறு படகை மிதக்கவிட்டு, பவளத்தி விசிறியை எடுத்து ஒரு பக்கமிருந்து வீசினார். ஆண்டின் பாதி காற்று இப்படி அடிக்கும், மறுபாதி திரும்பி அடிக்கும் என்றார். போன கலம் திரும்ப வேண்டுமானால் மறுகாற்றுக்காக மாதக்கணக்கில் அயல்கரையில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர் அங்கே சமைத்தார், பேச்சுக் கற்றார், பெண் கொண்டார். சிலருக்குக் காற்று திரும்பியும் கால் திரும்பவில்லை. மிளகும் செம்பும் போன வழியில் தாலாட்டும் போயிற்று என்றும், புதுக்கரை தேடிப் போனவர் சிலர், இருந்த கரை இல்லாமற்போனதால் போனவர் பலர் என்றும் அவர் சொன்னபோது, பிணைப் பிள்ளைகள் அறுவரும் தலை கவிழ்ந்தார்கள்.

கடல் நடுவே தாகத்தால் இறந்தவரும் உண்டு என்று அவர் தொடர்ந்தபோது, தங்கள் அண்ணன் மகள் நறுவீ எழுந்தாள். எட்டு வயதுக்குரிய வாய் அவளுக்கு இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. பிள்ளைகளின் பேச்சை அமைச்சர் திருத்தாமல் எழுதுகிறார், இவ்வழக்கில் அதுவே சான்று என்பதால்.

“இவ்ளோ தண்ணிக்கு நடுவுல தாகத்துல செத்துப்போவாங்களா? சும்மா கதை விடாதீங்க!” என்றாள் நறுவீ. பவளத்தி அண்டாவில் விரலை நனைத்து அவள் நாவில் வைத்தார். நறுவீ துப்பினாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பவளத்தி, படகில் நல்ல நீர் குறைந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று பிணைப் பிள்ளைகளைக் கேட்டார்.

துமா என்னும் பத்து வயதுப் பெண் பதில் சொல்லவில்லை. இடுப்பு முடிச்சிலிருந்து கருத்த சிறு ஓடொன்றை எடுத்துக் குடத்து நீரால் நிரப்பினாள். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அது போயிற்று. ஆளுக்கு ஒரே ஒரு மிடறு. கடைசிச் சிறுவன் குடித்துவிட்டு, ஓட்டைத் தலைக்கு மேல் தூக்கி, “மிச்சம் இருக்கிறது, இன்னும் ஒரு நாள் போகலாம்” என்றான்.

இளங்கோவே, தங்கள் கையிலிருந்து இவ்வோலை நழுவியிருக்குமாயின் எடுத்துக்கொண்டு மேலே படிக்க.

நம் குலத்தாரின் மணநாளில் கதவடைத்து, வெளியார் ஒருவரும் இல்லாமல், பொற்பேழையிலிருந்து எடுத்த வான்கனி ஓட்டில் நீர் மாறிக் குடிக்கிறோமே, அப்போது கடைசியில் நிற்பவர் சொல்லும் சொல் அதுவே. ஓர் எழுத்தும் மாறவில்லை. அதை ஏன் சொல்கிறோம் என்பது நம்மில் எவருக்கும் தெரியாது. அமைச்சர் இருக்கையை விட்டு எழுந்துவிட்டார்.

நறுவீயோ இடுப்பில் கை வைத்துவிட்டாள். “ஏய், இது எங்க வீட்டுது! கல்யாணத்துல மட்டும்தான் குடிப்போம். உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“எங்கம்மா. படகுல தினமும் இப்படித்தான். உங்களுக்குத் தினமும் தண்ணி கிடைக்குது, அதான் கல்யாணத்துக்கு மட்டும் வெச்சுக்கிட்டீங்க” என்றாள் துமா.

அமைச்சர் வீட்டுக்கு ஓடினார். ஓடினார் என்று எழுத அவருக்கு வெட்கமில்லை. அவர் இல்லாளும் தங்கள் தமக்கையுமாகிய வேண்மதியார் நிகழ்ந்ததைக் கேட்டு, செய்துகொண்டிருந்த வேலையை விட்டு எழுந்தார். பிறகு, “அன்னைக்கு மணவறையில என் காதுல என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? ‘ஒரு நாள் என்ன, நூறு வருஷம் போகலாம்’னீங்க. நானும் சிரிச்சேன். யாரோ நாக்கு வறண்டு சொன்ன சொல்லு. அதை வெச்சு நாம சிரிச்சிருக்கோமே” என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டார். இருவருமாகப் பெருங்கோவிடம் சென்றனர்.

பேழை திறக்கப்பட்டது. நம் குலமுதல்வர் மலைப்பிளவிலிருந்து வெளிப்பட்ட நாளில் வானத்து மரம் உதிர்த்த கனியின் ஓடு என்று நாம் வணங்கும் அதையும், துமாவின் ஓட்டையும் அருகருகே வைத்தார்கள். ஒன்று பழையது, ஒன்று புதியது. வேறு வேற்றுமை இல்லை. பவளத்தியை அழைத்துக் காட்டியபோது அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பின் சட்டெனக் கை கூப்பினார். “மன்னிக்கணும் அரசே. இது தேங்காச் சிரட்டை. நம்ம கரையில அந்த மரம் கிடையாது. தீவுல இதை அடுப்புல போட்டு எரிப்பாங்க.”

பேழைக்குப் பூச்சூட்டும் முதியவர் மயங்கி விழுந்தார். பெருங்கோ அரியணைக்குப் போகாமல் அதன் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் நம் முதல்வர் மலையிலிருந்து வரவில்லையா என்று அவர் கேட்டதற்கு, “வந்திருக்கலாம் அரசே. அதுக்கு முன்னாடி கரையில இறங்கியிருப்பாரு” என்றார் பவளத்தி.

பின்னர் பெருங்கோ அமைச்சரைப் பார்த்தார். நாற்பதாண்டுப் பழக்கத்தில் அவர் அப்படிப் பார்த்ததில்லை. “கீரா, நீ எழுதின சட்டப்படி நான் எந்தப் படகுல ஏறணும்?” என்றார்.

ஆகவே பெருங்கோவின் ஆணை பின்வருமாறு. பதினொரு படகுகளில் ஒன்றையும் தள்ளற்க. பறித்த துடுப்புகளை உரியவரிடம் திருப்பித் தருக. உவர்நிலத்தை விட்டு அவர்களை நன்னீர் ஓடையின் தென்கரைக்குக் கொண்டுவருக. அங்கே அவர்கள் வீடு கட்டும்போது தடுப்பவர் எவராயினும், எவரது உறவினராயினும், அரச குற்றவாளி ஆவர். அறுவர் இனிப் பிணைகள் அல்லர். அவர்களை அழைத்துக்கொண்டு பவளத்தியும் அமைச்சரும் இவ்வோலையின் பின்னாலேயே மலையிறங்குகின்றனர். அமைச்சர் தம் பிழையை அப்பிள்ளைகளின் பெற்றோர் முன் தம் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பதும் ஆணையே. அதை எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

இளங்கோவே, இன்று காலை நம் தலைநகர் முகிலூரின் மடைப்பள்ளிப் புகை கிழக்கே, கடல் பக்கமாகச் சாய்ந்தது. மலையில் காற்று திரும்பினால் துறையில் ஓரிரு நாளில் திரும்பும். ஓலையோ இரண்டரை நாள் ஓட வேண்டும். நான்கு ஓட்டக்காரரை வழியில் மாற்றாக நிறுத்தியுள்ளோம். அவர்களின் கால்களை நம்பியே இது வருகிறது.

‘மலைபிறந்த குலத்தின் மாறா ஆணை’ என்று எழுதி முடிப்பது மரபு. அச்சொற்களை எழுதப் பெருங்கோ விடவில்லை. அவர் முத்திரை கீழே உள்ளது. முத்திரைக்கு மேல் அவர் தம் கையாலேயே எழுத்தாணி பிடித்துப் பொறித்தது இது:

தம்பி, இது உன் கைக்கு வரும்போது கரை வெறுமையாக இருந்தால், அதைச் சொல்ல மலையேறி வராதே. ஊரிலுள்ள எல்லாப் படகுகளையும் கடலில் இறக்கு. முதல் படகில் நீ போ.