மொட்டைத் தலையும் இளவரசி வேடமும்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் மூடுபனி, மலையே தெரியவில்லை. கேஸ் புக் பண்ண மறதி.

நேற்று மகள் தேன்மொழிக்கு மலைக்கோயிலில் மொட்டை. அவள் காய்ச்சலில் கிடந்தபோது கமலா வேண்டிக்கொண்டது. கட்டின புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வீட்டில் என்னை எதற்குத்தான் கேட்டார்கள்? பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் மகள்தான் இளவரசி என்பதும் கமலாவுக்கு நினைவில்லை.

மாலையில் தேன்மொழி பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். இளவரசி வேடம் போயிற்று. இனி சூனியக்காரியாம்.

"மொட்டயா இருந்தா கெட்டவளா நைனா?"

கமலா: "எவ சொன்னா? சாமிக்குக் குட்த்த முடிடீ!"

"கதைல அப்டித்தான் கீது."

கதையில் நல்லவளுக்கு இடுப்பு வரை முடி, சிவந்த மேனி. கெட்டவளுக்கு மொட்டைத் தலை, மூக்கில் மரு. இதைத்தான் நீதி என்று பிள்ளைகளுக்கு ஊட்டுகிறோம். படித்தவர்கள்.

பிப்ரவரி 5, புதன்

வெயில். தாலுகா ஆபீசில் சர்வர் படுத்துவிட்டது. நாள் முழுக்க சும்மா.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பக்கத்து வீட்டம்மா. "உங்க பொண்ணு எங்க புள்ளய கிள்ளிட்டு சிரிச்சுகினு நிக்குதுங்க."

கூப்பிட்டுக் கேட்டேன். "சூனியக்காரி கிள்ளாம, கொஞ்சுவாளா?"

அடிக்கக் கை ஓங்கினேன். அந்தத் தலையைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. ஒரு குழந்தை தன்னைக் கெட்டவள் என்று நம்ப இவ்வளவே போதுமா?

பிப்ரவரி 6, வியாழன்

அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்கு. தலைமை ஆசிரியை (த.ஆ.), பி.எட்.டில் என் நோட்ஸைப் படித்துத் தேறியவள். அவள் மாமனார் பள்ளி, அதனால் அந்த நாற்காலி. எம்.ஏ. படித்த நான் இன்னும் சான்றிதழ் டைப் அடிக்கிறேன்.

"மொட்ட இளவரசின்னா ஜனம் சிரிக்காதா சார்?"

"இந்த ஊர்லயா மேடம்? பஸ் ஸ்டாண்டுல பாருங்க, பாதிப் பேர் தலைல சந்தனம் பூசிகினு போறான். உங்க வீட்டுக்காரரும் பொங்கலுக்கு மொட்டதானே? அவரு சூனியக்காரரா?"

பியூன் சிரித்துவிட்டான். த.ஆ. சிரிக்கவில்லை. ஆனால் இறங்கி வந்தாள். டோப்பா வைத்து, தேன்மொழியே இளவரசி.

ஜெயித்தேன். எத்தனை வருஷம் கழித்து!

பிப்ரவரி 7, வெள்ளி

மறுபடி பனி. இருமல்.

காலையில் தேன்மொழியிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

"வேணாம் நைனா. இளவரசி சும்மா நின்னுகினு அழுவா. சூனியக்காரிக்குத்தான் டான்ஸு, சண்ட எல்லாம்."

"அப்போ எதுக்கு அன்னிக்கு அழுத?"

"அன்னிக்கு டயலாக் பேப்பர் தரலயே!"

"கிள்ளினது?"

"அது ரிகர்சலு. கொஞ்சம் ஜாஸ்தியாப் பூட்ச்சி. சாரி கேட்டுட்டேன்."

"சூனியக்காரி கெட்டவடீ."

"ஐய, கெட்டவ அவ. நானா?"

கண்ணாடி முன் போய் நின்று, மொட்டையைத் தடவிக்கொண்டு உறுமுகிறாள். கமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

திங்கட்கிழமை நானே போய் த.ஆ. முன்னால் நிற்க வேண்டும். டோப்பா வேண்டாம் மேடம், சூனியக்காரி வேடமே கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அவளிடம்.