கேலரியில் நீ கேட்டது

என் வீட்டுக்காரிக்கு,

கொச்சிக்கு வந்து சேர்ந்துட்டேன். நாளைக்கு பிராக்டிஸ்.

போன வாரம் இங்க புட்பால் ஆட்டத்துல நான் பெனால்டியை வெளிய அடிச்சப்ப கேலரியே எந்திச்சு நின்னு கத்துச்சு. நடுவுல நீ உக்காந்திருந்தே. மைதானத்துல எனக்கு வார்த்தை விளங்கல. என்னட்டி சொன்னாங்கன்னு ரயில்ல தென்காசி வார வரைக்கும் கேட்டேன். "எனக்கு மலையாளம் எங்க தெரியும்? வெறும் சத்தந்தான்"னுட்டே. கல்யாணமாகி மூணு மாசந்தானே, நம்பிட்டேன். அந்த நிம்மதியிலதான் தூங்குனேன்.

நேத்து குத்தாலத்துல, மங்குஸ்தான் விக்குத சேச்சிகிட்ட அவ பாஷையிலேயே சிரிச்சுச் சிரிச்சுப் பேரம் பேசுனே. நான் பின்னாலதான் நின்னேன். கேரள எல்லையில, செங்கோட்டையில வளந்தவளுக்கு மலையாளம் வராதா? எனக்குத்தான் தோணல.

அன்னைக்கு அவ்வளவு திட்டையும் காதுல வாங்கிட்டு எனக்கு ஒரு வார்த்தைகூடத் தரல நீ. எப்படிட்டி தாங்குனே?

அடுத்த ஆட்டத்துக்கும் வா. திட்டுனா நீயும் திருப்பித் திட்டு. உனக்குத்தான் பேச வருதே.

உன்னை நம்புனவன்