இருபதாவது பெயர்

சிந்துபூந்துறை,
17-1-2024

அன்புள்ள மதுமதி டீச்சரம்மாவுக்கு,

சுடலைமாடன் எழுதுவது. நான் நல்ல சுகம். ஆழ்வார்குறிச்சியில் நீங்களும் அப்பா அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

பொங்கல் லீவில் ஆளுக்கு ஒரு கடிதம் போட வேண்டும் என்று சனிக்கிழமை எழுத்து வகுப்பில் சொன்னீர்கள். மற்றவர்கள் போட்டார்களா தெரியாது. நான் போடுகிறேன். காலையில் உட்கார்ந்தேன். வெயில் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. இன்னும் அரைப் பக்கம் ஆகவில்லை. எழுபத்திரண்டு வயது வரை எழுதாமல் வைத்திருந்ததை ஒரே நாளில் எழுத முடியுமா? ஆனால் எவ்வளவு சந்தோஷம் டீச்சரம்மா!

நயினார்குளம் மார்க்கெட்டில் நாற்பது வருஷம் மூடை சுமந்தேன். மூடையில் எழுதியிருந்தது எல்லாம் என் முதுகில்தான் இருந்தது. கண்ணுக்கு முன்னால் வந்ததே இல்லை. இப்போது வெங்காய மண்டியில் காவல். சும்மா இருக்கிற நேரத்தில் வாசலில் நிற்கிற லாரிகளை வாசிக்கிறேன். இத்தனை வருஷமும் எனக்கு முன்னால் போன லாரிகள் எல்லாம் ‘பொறாமைப்படாதே’ என்று என்னிடம் சொல்லிக்கொண்டே போயிருக்கின்றன. எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

என் வீட்டுக்காரி இசக்கியம்மாள் பக்கத்தில் வந்து நின்று, “என்னத்தவே காலையில இருந்து கோழி மாதிரி கிண்டிக்கிட்டிருக்கீரு?” என்றாள். டீச்சருக்குக் காயிதம் என்றேன். “பொம்பளப்பிள்ளைக்குக் காயிதம் போடுத வயசாவே இது?” என்று சிரிக்கிறாள். நீயும் வகுப்புக்கு வா என்று கூப்பிட்டால், “அடுப்பு யாரு பாப்பா?” என்கிறாள். எப்போது கூப்பிட்டாலும் அடுப்பு.

என் பெயருக்கு இந்த வீட்டுக்கு இதுவரை கடிதம் வந்தது இல்லை. நீங்கள் பதில் போட்டால் தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

இப்படிக்கு,
ம. சுடலைமாடன்


ஆழ்வார்குறிச்சி,
21-1-2024

அன்புள்ள தாத்தாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வகுப்பில் கடிதம் எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். அப்பாவிடம் காட்டினேன். அப்பா இரண்டு முறை வாசித்தார்.

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் மாணவர் தொழில் தலைமைக் கழகம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அதற்கு இந்த வருஷம் நான் தலைவி. இந்தியா முழுவதும் இருந்து இப்படிப்பட்ட கழகங்கள் மார்ச் மாதம் புனேயில் கூடிப் போட்டி போடுகின்றன. அதில் சமூக சேவைத் திட்டம் என்று ஒரு பிரிவு. நம் வகுப்பைத்தான் அதற்குக் கொடுத்திருக்கிறோம். ஒரு வருஷத்துக்குள் வேலையை முடித்து, முடித்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். அதனால் எல்லாரும் ஆளுக்கு ஒரு வரி சொந்தக் கையால் எழுதித் தர வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், விண்ணப்பத்தில் இருபது பேர் என்று எழுதிவிட்டோம். வருவது பத்தொன்பது பேர். பாட்டியை எப்படியாவது அழைத்து வாருங்கள் தாத்தா.

இன்னொன்று. வகுப்பு ஆரம்பித்தபோது வீடியோ எடுக்க மறந்துவிட்டோம். எழுதத் தெரியாத நாளில் நீங்கள் எப்படி இருந்தீர்களோ அப்படி ஒரு தடவை நடிக்க வேண்டும். எங்கள் கழகத்துச் சிவசண்முகம் கேமராவோடு வருவான்.

பாட்டிக்கு என் அன்பு.

உங்கள்,
மதுமதி


சிந்துபூந்துறை,
26-2-2024

அன்புள்ள மதுமதி டீச்சரம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள் படிப்பு லீவுக்கு ஊருக்குப் போன பிறகு இங்கே நடந்ததைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டேன். சாதாரணக் கடிதத்துக்கு வேண்டாம் என்றார். இருந்தாலும் அவருடைய நோட்டில் ஓர் ஓரத்தில் போட்டுக் கொடுத்தேன்.

சிவசண்முகம் தம்பி வந்தான். இந்த வெயிலில் கறுப்புக் கோட்டு. கழகத்துப் பிள்ளைகள் எல்லாரும் போட்டிக்குக் கோட்டுப் போட்டுப் பழக வேண்டுமாமே. பையன் குளித்த மாதிரி நின்றான். கேமராவைப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, இன்னும் கொஞ்சம் தப்பா எழுதுங்க” என்றான். “ஏலே, தப்பா எழுதவா ஆறு மாசம் வகுப்புக்கு வந்தேன்?” என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எவ்வளவு முயன்றாலும் கை சரியாகவே போகிறது. தெரிந்த பிறகு தெரியாமல் இருப்பது கஷ்டம் டீச்சரம்மா. கடைசியில் சிலேட்டுக் குச்சியைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லி எடுத்தான்.

இசக்கியம்மாள் வரவில்லை. கெஞ்சிப் பார்த்தேன். “இருவது பேருல ஒருத்தி குறைஞ்சா கல்லூரி இடிஞ்சா விழுந்துரும்?” என்றாள். அவளுக்குப் போட்டியின் அருமை தெரியவில்லை. அதனால் அவள் வரியை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். என் எழுத்து என்று தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதினேன். ‘எனக்கு எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டது. இசக்கியம்மாள்.’ இவ்வளவுதான். மத்தியானம் முழுவதும் ஆகிவிட்டது.

தப்பு என்றால் சொல்லுங்கள், திரும்ப வாங்கிவிடலாம். நீங்கள் ஜெயிக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

இப்படிக்கு,
ம. சுடலைமாடன்


புனே,
24-3-2024

அன்புள்ள தாத்தா,

ஜெயித்துவிட்டோம்! முதல் பரிசு! எல்லாரும் கூச்சல் போடுகிறார்கள். நான் தங்கும் அறைக்கு ஓடி வந்து முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

இருபது பேருடைய வரிகளையும் பெரிய அட்டையில் ஒட்டி நிறுத்தியிருந்தோம். நடுவர்களில் ஓர் அம்மா அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். பாட்டியின் வரியில் விரலை வைத்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். “மற்றதெல்லாம் அழகாக இருக்கிறது. இந்தக் கை நடுங்குகிறது பாருங்கள், இது ஒன்றே போதும்” என்றார். அது நீங்கள் இடது கையால் எழுதியது என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ.

போட்டியைப் பார்க்க வந்த பெங்களூரு நிறுவனம் ஒன்று எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது.

எல்லாம் உங்களால்தான் தாத்தா.

உங்கள்,
மதுமதி


சிந்துபூந்துறை,
14-4-2024

அன்புள்ள மதுமதி டீச்சரம்மாவுக்கு,

சித்திரைப் பிறப்பு வாழ்த்துகள். உங்கள் கடிதத்தைத் தெருவில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். டீக்கடையில் ஒரு தடவை. மண்டியில் ஒரு தடவை. மண்டி முதலாளி அண்ணாச்சி, “வே சுடல, வெங்காயத்தப் பாரும், பொறவு வாசிக்கலாம்” என்று விரட்டினார். பைய நடந்து வாசலுக்கு வந்து லோடுமேன்களுக்கு வாசித்தேன்.

வீட்டில் வாசித்தபோதுதான் அதிசயம் நடந்தது. அந்த நடுவர் அம்மா சொன்னதைக் கேட்டதும் இசக்கியம்மாள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். “நான் எழுதாத எழுத்துக்கா பிரைஸ் குடுத்தாவ?” என்றாள். ஆமா என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, “அப்ப நான் எழுதினா எப்படி இருக்கும்னு பாக்கணுமே வே” என்றாள். அடுப்பு என்ன ஆகும் என்றேன். “அடுப்பு எங்கன ஓடிப்போயிரப் போவுது?” என்கிறாள்!

மறுநாளே டவுனுக்குப் போய்ச் சிலேட்டு வாங்கிவிட்டாள். அவள் வாழ்க்கையில் எனக்குத் தெரியாமல் வாங்கிய முதல் பொருள் அதுதான். சனிக்கிழமை சீலை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வகுப்பு அறை பூட்டிக் கிடந்தது. அடுத்த சனிக்கிழமையும் பூட்டுத்தான். பரீட்சை நேரம், பிள்ளைகள் படிப்பார்கள் என்று அவளிடம் சொன்னேன்.

எப்போது திறப்பீர்கள்? அவளுக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டுமாம்.

இப்படிக்கு,
ம. சுடலைமாடன்


பெங்களூரு,
20-7-2024

அன்புள்ள தாத்தாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். வேலையில் சேர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வரும்போது தெருவே உறங்கிப் போயிருக்கும்.

வகுப்பைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன். ஒரு முறை போட்டிக்கு வைத்த திட்டத்தை மறுபடி வைக்கக் கூடாது என்பது விதி. கழகத்துக்கு ஒவ்வொரு வருஷமும் புதுத் திட்டம் வேண்டும். இந்த வருஷம் சிவசண்முகம் தலைவன். ஆற்றில் கிடக்கும் பிளாஸ்டிக்கை எடுத்துத் தரைக்கல் செய்து விற்கப் போகிறார்கள். பள்ளிக்கூட அறையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

பாட்டிக்கு மட்டுமாவது யாரையாவது அனுப்பு என்று போனில் கேட்டேன். “அக்கா, அந்தப் பாட்டி பேரு முடிச்சவங்க பட்டியல்லதானே இருக்கு? அவங்க எழுத்துக்குத்தானே பரிசே கிடைச்சுது?” என்றான். போனை வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் கல்லூரிக்குக் கொடுத்த பரிசைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். எனக்கு இந்த வேலையைக் கொடுத்ததும் அந்தப் பரிசைப் பார்த்துத்தான்.

நீங்களே சொல்லிக்கொடுங்களேன் தாத்தா. பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மதுமதி


சிந்துபூந்துறை,
18-8-2024

அன்புள்ள மதுமதி டீச்சரம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்களுக்கு வேலை கிடைத்தது பெரிய சந்தோஷம். விதி என்றால் விதிதான். நீங்கள் வருத்தப்படக் கூடாது.

நான் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். கையைப் பிடித்து எழுத வைத்தேன். “மூடை தூக்குத பிடியாவே இது? என் விரலு ஒடியுது” என்று சிலேட்டைக் கவிழ்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தருகிறேன் என்றது. “இவகிட்ட படிச்சா நாளைக்குத் தெருவே சிரிக்கும்” என்கிறாள். டீச்சர் வரட்டும் என்று சிலேட்டைத் துடைத்து உறியில் வைத்திருக்கிறாள்.

ஒரு நாள் கல்லூரிக்கே போனேன். சிவசண்முகம் தம்பி கோட்டோடு வாசலுக்கு வந்தான். நல்ல பையன். டீ வாங்கிக் கொடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். “இந்த வருஷம் ஆறுதான் தாத்தா. படிப்பு போன வருஷம்” என்றான். ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் குறுக்குத்துறைப் பக்கம் வந்தால் பிளாஸ்டிக் பொறுக்குவது மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றான். போனேன். எடுத்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்தபோது, எழுதியிருந்தபடி வாசிக்க எனக்கு நாக்கு வரவில்லை. ‘தீபாவளி லீவுக்கு வந்து பாட்டிக்கு முதல் எழுத்தைச் சொல்லித்தருவேன்’ என்று வாசித்துவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டு, “அந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?” என்றாள்.

ஒரு நாள் வந்தால் போதும் டீச்சரம்மா. ஒரே ஓர் எழுத்து.

இப்படிக்கு,
ம. சுடலைமாடன்


சிந்துபூந்துறை,
24-11-2024

அன்புள்ள மதுமதி டீச்சரம்மாவுக்கு,

நான் சுகம். தீபாவளிக்கு முந்தின நாள் இசக்கியம்மாள் முந்திரிக்கொத்துப் பலகாரம் செய்து தூக்குச்சட்டியில் வைத்தாள். மூன்று நாள் வாசலைப் பார்த்தாள். நாலாம் நாள் எடுத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. லீவு கிடைத்திருக்காது.

அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை கண்ணுக்குள் போய்விட்டது, போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதும் நிற்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வாசலில் இருக்கும் போர்டில் பெரிய எழுத்து என் கண்ணுக்குத் தெரிகிறது. அவளுக்கு அங்கே போர்டு இருப்பதே தெரியவில்லை. “டீச்சரு வாரதுக்குள்ள சரியாயிரும்லா?” என்று பஸ்ஸில் கேட்டாள். சரியாயிரும் என்றேன்.

தினமும் கடிதம் வந்ததா என்று கேட்கிறாள். வந்தது என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். கையில் காகிதம் இல்லாமல் வாசிக்க முடியாதே. சட்டைப் பையில் மண்டித் துண்டுச் சீட்டு கிடந்தது. அதைப் பார்த்து வாசித்தேன். அவள் கையை நீட்டித் தடவிப் பார்த்தாள். “என்னவே, காயிதம் இத்தினிக்காணு இருக்கு? டீச்சரு எழுதினதா, நீரே அளக்கீரா?” என்றாள்.

அதனால் தபாலாபீஸில் நல்ல இன்லண்டு லெட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். இனி உங்களிடம் பதில் கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன். உங்கள் பெயரை மட்டும் கொஞ்ச நாள் கடன் கொடுங்கள். தவறாக ஒன்றும் எழுத மாட்டேன்.

நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
ம. சுடலைமாடன்


பெங்களூரு,
2-12-2024

அன்புள்ள இசக்கியம்மாள் பாட்டிக்கு,

மதுமதி டீச்சர் எழுதுவது. நான் நல்ல சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் முந்திரிக்கொத்து செய்து வைத்திருந்ததைக் கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டேன். இங்கே லாரி எல்லாம் நின்றுபோய்விட்டதால் வர முடியவில்லை. கோபப்படக் கூடாது.

மாத்திரையை விடாமல் சாப்பிடவும். அவசரம் ஒன்றும் இல்லை. வகுப்பு தை மாதம் திறக்கும். தையில் முடியாவிட்டால் மாசியில் திறக்கும். நீங்கள் வராமல் ஆரம்பிக்கக் கூடாது என்று பிள்ளைகள் எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அறையில் முன் வரிசையில் உங்களுக்கு இடம் போட்டிருக்கிறது. உங்கள் எழுத்து எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு மிகவும் ஆசை.

இது நல்ல பெரிய காகிதம். நீங்கள் தடவிப் பார்க்கலாம். தாத்தாவை ஏச வேண்டாம். அவர் தன் சொந்தமாக ஒரு சொல் கூடச் சேர்ப்பது இல்லை. எழுதியிருக்கிறபடிதான் வாசிக்கிறார்.

இப்படிக்கு,
மதுமதி டீச்சர்