தண்டலத்தில் ஒரு வளைவு

செவ்வாய்க்கிழமை

மேனேஜர் கம்பெனி பஸ் ரூட் மேப் கேட்டார். பஸ்ஸில் இருக்கும் ஜி.பி.எஸ். பதிந்த ஃபைல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. அதை மேப்பாக மாற்றித் தரும் சாஃப்ட்வேர் ஒன்றை இன்ஸ்டால் பண்ணினேன். திறந்தது. ஆனால் தண்டலத்தில் கோடு மெயின்ரோட்டை விட்டு ஒரு சந்துக்குள் போய்த் திரும்பியது. சாஃப்ட்வேர்தான் சொதப்புகிறது என்று திட்டிக்கொண்டே இரண்டு தடவை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். அதே வளைவு.

கடைசியில் டிரைவர் ஏகாம்பரம் அண்ணனைக் கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"பேக்கிங்ல ஒரு பொண்ணு கீதேம்மா, மாசமா இருக்குது. அந்தப் பொண்ண அது வூட்டாண்டயே எறக்கி வுட்டுட்டு வர்றேன். மேனேஜர் கைல சொல்லிடாத."

வளைவோடேயே மேப்பை அனுப்பினேன். சாஃப்ட்வேரை மொத்தமாக நீக்கினேன். மேனேஜர் வளைவைப் பற்றிக் கேட்டால், அந்த சாஃப்ட்வேர் சரியில்லை சார், எடுத்துட்டேன் என்பேன். பாவம், அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது.