ஒரு கப் மைதா எத்தனை கிராம்

என்னங்க,

நான் நல்லா இருக்கேன். உங்க முதுகுவலி தேவலையா? சின்னவ அடம்பிடிக்காம சாப்பிடறாளா?

போன வாரம் பேக்கரியில ஒரு கூத்து. இருபது கப் மைதாவை எடை போட்டுப் பிசையச் சொன்னார் மாஸ்டர். சர்க்கரை ஒரு கப் இருநூறு கிராம்னு சுவத்துல எழுதியிருந்துச்சு. மைதாவும் அப்படித்தானேன்னு நாலு கிலோ கொட்டிட்டேன். மைதா லேசாம், கப்புக்கு நூத்தி இருபத்தஞ்சு கிராம்தானாம். பன்னெல்லாம் செங்கல்லா வந்துச்சு.

அவர் திட்டலை. எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சு, "நீ சுட்டதை நீயே தின்னு"ன்னார். மூணு தின்னேன். நாலாவதுல வாந்தி வந்துச்சு. என்னையே துடைக்க வெச்சார். எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப உடம்புக்கு ஒண்ணுமில்லை, பயப்படாதீங்க.

இதே அளவுக் கப் நம்ம அடுக்களையிலயும் இருக்கே. மளிகைக்கடைத் தராசுல ரவை, சோள மாவு, உப்பு எல்லாம் ஒவ்வொரு கப் நிறுத்து எழுதி அனுப்புங்க. இங்க யாரையும் கேக்க முடியலை. பெரியவளை எழுதச் சொல்லுங்க, அவ கையெழுத்தைப் பார்த்து நாளாச்சு.

நேத்து புதுசா சேர்ந்த பொண்ணும் அதே தப்பைப் பண்ணினா. தெரிஞ்சும் பேசாம நின்னேன். அவ அழுதுக்கிட்டே தின்னப்ப நானும் சேர்ந்து சிரிச்சேங்க.

பிள்ளைங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டாதீங்க. கூப்பிடறாங்க, போறேன்.