பாலில் என்ன குற்றம்

ஜூன் 20, 1964. சனி

மழை விடவில்லை. கோலி என்கிற இந்த ஒற்றை அறைக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போட்ட துணிகள் அப்படியே ஈரமாகத் தொங்குகின்றன. பாதிக்கு மேல் பையனுடையது. பால் குடித்து முடித்ததும் வாயோரம் கொஞ்சம் வழிய விடுகிறான், திரிந்த மோர் மாதிரி. வழியவிட்டு, ஒன்றும் நடக்காதவன் போல என்னைப் பார்க்கிறான்.

அடுத்த கோலி நஜ்முன்னிசா அக்கா எட்டிப் பார்த்தாள். ஆம்பூர்க்காரி, ஆறு பிள்ளை பெற்றவள். "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? எல்லாப் புள்ளையும் கக்கும். தோள்ல போட்டு முதுகத் தட்டு. ஏப்பம் வந்தப்புறம் படுக்க வை" என்றாள். தட்டினேன். பெரிய மனுஷன் மாதிரி ஏப்பம் விட்டான். சிரிப்பு வந்துவிட்டது.

நேரு இறந்த வாரத்தில் பிறந்தவன். ஊரே அழுதுகொண்டிருந்தபோது நான் மட்டும் சந்தோஷமாக இருந்தேன். அம்மா உயிரோடு இருந்தால் எங்கள் ஊர் நாசரேத்துக்கே போய்ப் பெற்றிருப்பேன். இல்லாததால் என் பேறுகாலம் பார்க்க என் வீட்டுக்காரருடைய அக்கா ஆவுடையம்மாள் மதினி ஊரிலிருந்து வந்திருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். வேலை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஜூன் 23, செவ்வாய்

இன்று கக்கியது கொஞ்சம் அதிகம். என் சேலை, பாய், தலையணை எல்லாம். ஆனாலும் நன்றாகக் குடிக்கிறான். அதிகம் குடித்துவிடுகிறானோ?

ஜூன் 25, வியாழன்

இது கக்குவது இல்லை. எனக்குத் தெரிகிறது.

மத்தியானம் குடித்தான். தோளில் போட்டுத் தட்டினேன், ஏப்பமும் வந்தது. படுக்க வைத்துத் திரும்புவதற்குள் ஒரு சத்தம். பால் பாய்ந்து எதிர்ச்சுவரில் போய் விழுந்தது. வழியவில்லை, பாய்ந்தது. மூக்கு வழியாகவும் வந்து பிள்ளை மூச்சுக்குத் திணறிவிட்டான். ஒருக்களித்துப் பிடித்து விரலால் துடைத்தேன். 

மதினி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். சுவரைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியதைப் பார்த்தேன். துணியை நனைத்துச் சுவரைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 26, வெள்ளி

மறுபடியும். மறுபடியும்.

ஜூன் 28, ஞாயிறு

அவர் கடை இன்று அரை நாள் என்பதால் அவரே மாஹிம் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் நல்ல மனிதர்தான். நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அளவுக்கு மேல் கொடுக்கிறீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், குடித்த பிறகு அரைமணி நேரம் நிமிர்த்தியே பிடியுங்கள், குலுக்காதீர்கள் என்றார். கிரைப் வாட்டர் எழுதினார்.

திரும்பும்போது அவர் "பாத்தியா, ஒண்ணுமில்ல. நீயா பயந்து சாகுதே" என்றார்.

சரி. ஒன்றுமில்லாமலே இருக்கட்டும்.

ஜூன் 30, செவ்வாய்

டாக்டர் சொன்னது எல்லாம் செய்கிறேன். பாதிதான் கொடுக்கிறேன். நடுவில் நிறுத்தி ஏப்பம் விட வைக்கிறேன். தலைப் பக்கம் மடித்த போர்வை வைத்து உயர்த்திப் படுக்க வைக்கிறேன். மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் செய்த பிறகும் அதே பாய்ச்சல்.

இன்னொன்று. வாந்தி எடுத்து முடித்த அடுத்த நிமிஷமே பசி பசி என்று வாயை அங்கும் இங்கும் திருப்பித் தேடுகிறான். நோவு கண்ட பிள்ளை பால் வேண்டாம் என்றுதானே சொல்லும்? இவன் கேட்கிறானே. யாரிடம் கேட்பேன்?

ஜூலை 1, புதன்

மதினி இன்று வாயைத் திறந்தாள். திறக்காமலே இருந்திருக்கலாம்.

"உன் பாலு சரியில்ல தங்கமயிலு. கெட்ட பாலு. அத நிறுத்து. குடுக்கக் குடுக்கப் புள்ளைக்கு வெசம்."

அவர் சோற்றுத் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "அக்கா சொல்லுதா. நாலு நாளு நிறுத்தித்தான் பாரேன்" என்றார். சாயங்காலம் டப்பாப் பால்மாவு வந்துவிட்டது. மதினி என் மாரில் துணியை இறுக்கிக் கட்டினாள். கட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெசமா? என் பாலா?

ஜூலை 2, வியாழன்

டப்பாப் பாலும் சுவரில்தான். அப்போ அதுவும் வெசமா? கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். மதினி சுவரைத் துடைக்கத் துணி எடுக்கப் போனாள்.

மார் கல்லாகக் கனக்கிறது. காய்ச்சல் அடிக்கிறது. மதினி குழாயடிக்குப் போன நேரம் கட்டை அவிழ்த்து அவனுக்குக் கொடுத்தேன். என் பிள்ளைக்குப் பால் கொடுக்க நான் கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது. எப்படிக் குடித்தான்! கண்ணை மூடிக்கொண்டு, என் விரலைப் பிடித்துக்கொண்டு. பிறகு எல்லாவற்றையும் என் மேலேயே கொட்டினான். சேலையை மதினி வருவதற்குள் அலசிப் போட்டேன். திருடி மாதிரி.

ஜூலை 4, சனி

துணி நனைவது குறைந்துவிட்டது. காலையில் கட்டிய துணி மத்தியானம் வரை காய்ந்தே இருந்தது. வெளிக்கும் போகவில்லை. முகம் கிழவன் முகமாகிவிட்டது. நெற்றியில் சுருக்கம், தொடையில் தோல் தொளதொளவென்று. உச்சிக்குழி பள்ளமாக இருக்கிறது. அழுகிறான், கண்ணில் நீர் வரவில்லை.

இன்னொன்று பார்த்தேன். டப்பாப் பால் கொடுத்து மடியில் போட்டிருந்தேன். சட்டை விலகி வயிறு தெரிந்தது. தோலுக்கு அடியில் ஒரு உருண்டை இடது பக்கமிருந்து வலது பக்கம் மெதுவாக உருண்டு போயிற்று. அலை மாதிரி. அதன் பின்னாலேயே இன்னொன்று. கண் ஏமாற்றுகிறதோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு வாந்தி.

அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "வாயு உருளுது" என்றார். மதினி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து வெளியே போய்விட்டாள். மழையில் தலையில் ஒன்றும் போடாமல் நின்றாள்.

கடவுளே, இவனை நான் பார்த்துக்கொண்டே இருந்து சாகவிடப் போகிறேனா? யாருமே ஆஸ்பத்திரிக்கு ஓடமாட்டேன் என்கிறார்களே. எனக்கு இந்த ஊரில் பாஷையும் தெரியாது, வழியும் தெரியாது.

ஜூலை 6, திங்கள்

எழுத உட்கார முடியவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அவர் கடைக்குச் சரக்கு எடுக்க மஸ்ஜித் பந்தர் சந்தைக்குப் போன பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நஜ்முன்னிசா அக்கா கோலிக்குப் போனேன். உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தாள். "கக்கும்னு நாந்தானே சொன்னேன். இது அது இல்லேடி" என்றாள். புர்காவை மாட்டினாள். தன் பிள்ளைகளை அடுத்த வீட்டில் விட்டாள். டாக்சி பிடித்தாள். பரேலில் குழந்தைகளுக்கென்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது.

அங்கே ஒரு டாக்டரம்மா. மராத்திக்காரி, ஒல்லி, வெள்ளை முடி. நான் தமிழில் சொல்ல, அக்கா இந்தியில் சொன்னாள். பாய்ந்து விழுகிறது என்று நான் கையைச் சுவர் பக்கம் வீசிக் காட்டியதுமே அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டாள். பிள்ளையின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் தொட்ட துணியை வைத்துச் சப்ப விட்டு, வயிற்றில் விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தாள். நான் சாமி பெயர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். பிறகு என் கையை இழுத்து அதே இடத்தில் வைத்தாள். இருந்தது. இலந்தைப்பழம் அளவு, கெட்டியாக.

அக்கா எனக்குச் சொன்னாள்: "இரைப்பையிலேர்ந்து குடலுக்குப் போற வாசல்ல சதை தடிச்சுப் போயிருக்காம். வாசல் மூடிக்கிச்சு. பால் கீழ போவ வழியில்ல, அதான் மேல பாயுது. சும்மா கக்குற புள்ள எடை ஏறும், இவன் இறங்கிட்டான். சின்னதா கீறி அந்தச் சதைய விடுவிக்கணுமாம். விட்டா பொழைக்க மாட்டான்."

என் பாலா காரணம் என்று கேட்கச் சொன்னேன். அந்த அம்மா எழுந்து என் முகத்தை நிமிர்த்தி, "தூத் அச்சா ஹை" என்றாள். பால் நல்ல பால்தான் என்கிறாள். அது எனக்கே புரிந்தது.

பிள்ளை காலில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். முதலில் உடம்பில் தண்ணீர் ஏறவேண்டும், பிறகுதான் ஆப்பரேஷன். அப்பாவின் கையெழுத்து வேண்டுமாம்.

ஜூலை 7, செவ்வாய்

அவர் வந்தார். மதினியும் வந்தாள். பார்வையாளர் நேரம், வார்டு முழுக்க ஜனம்.

"என்னயக் கேக்காம எப்படிளா வந்தே?" என்பதுதான் முதல் வார்த்தை. பிறகு டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார். "ஒரு மாசக் கொளந்த. அத கத்திய வச்சுக் கீறவா? செத்துப்போனா? கையெழுத்துப் போட்டு நானே கொன்னதா ஆயிரும். வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவோம். சாமி விட்ட வழி."

நான் அவர் காலைப் பிடித்தேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். "போடுங்க. போடாம போயிராதீங்க" என்று கத்தினேன். அவர் வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

மதினி குறுக்கே போய் நின்றாள்.

"ஏல சுயம்பு. உனக்கு முந்தி ஒருத்தன் இருந்தான், தெரியுமால?"

அவர் விழித்தார்.

"எனக்கு அப்ப ஒம்பது வயசு. நாந்தான் அவன வச்சிருப்பேன். இதே மாரித்தான். குடிச்ச பாலு சுவரு வரைக்கும் பாயும். இவ சொன்னாளே, வயித்துல உருண்டை ஓடுதுன்னு? அத நான் என் கண்ணால பாத்திருக்கேன். அம்மை பாலு வெசம்னு ஊரே சொல்லிச்சு. மாரக் கட்டிப் போட்டாவ. கழுதப் பாலு குடுத்தாவ. ரெண்டு மாசம் முடியல, எம் மடியிலதான் கண்ண மூடுனான். பெறவு நீ பொறந்தே. அம்மை உனக்கு ஒரு நாளுகூட பாலு குடுக்கலல. பயம். அடுத்த வீட்டுக்காரிதான் உனக்குக் குடுத்தா. அம்மை அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருப்பா."

மூச்சு வாங்கினாள். "அன்னைக்கு கீறுததுக்கு ஆளில்ல. இன்னைக்கு இருக்கு. போடுல கையெழுத்த."

போட்டார். எழுத்து கோணிவிட்டது.

நான் மதினியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. என் மாரைக் கட்டியவள். ஆனால் அவள் எதைப் பார்த்துப் பயந்தாள் என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன, கோபம் போகவில்லை.

ஜூலை 8, புதன்

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மூன்று பேரும் பெஞ்சில். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கதவு திறந்தது. டாக்டரம்மா தலையை ஆட்டினாள். நல்லபடியாகத்தான் ஆட்டினாள்.

ஜூலை 9, வியாழன்

ஸ்பூனில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். நின்றது. பிறகு என் பாலைக் கறந்து ஸ்பூனில் கொடுத்தார்கள். வாந்தி எடுத்தான். நான் "போச்சு, எல்லாம் போச்சு" என்று அலறிவிட்டேன். மலையாளத்து நர்ஸ் ஓடிவந்தாள். உள்ளே இன்னும் வீக்கம் இருக்கிறது, இரண்டு மூன்று நாள் கொஞ்சம் எடுப்பான், பயப்படாதே என்றாள்.

பயப்படாதே என்றால் எப்படி?

ஜூலை 11, சனி

மாரில் விட்டேன். குடித்தான். தோளில் போட்டேன். வார்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவர் அப்படியே இருந்தது.

துணி நனைந்திருக்கிறது. முகர்ந்து பார்த்துவிட்டு அழுதேன்.

ஜூலை 17, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். தையல் பிரித்தாயிற்று. டப்பாப் பால்மாவை மதினி நஜ்முன்னிசா அக்காவிடம் கொடுத்துவிட்டாள். எனக்குப் பூண்டும் கருவாடுமாகப் பத்தியச் சோறு. தட்டை வைக்கும்போது "சாப்புடு" என்றாள். அவ்வளவுதான். சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மழை விட்டு வெயில் அடித்தது. எங்கள் வரிசைக் கோலிகளில் எல்லாரும் பாயைத் தூக்கி வெளியே போட்டிருக்கிறார்கள். பையனுக்குக் கன்னம் வந்துவிட்டது. தொடையில் மடிப்பு விழுந்திருக்கிறது.

காலையில் குடித்து முடித்ததும் மதினி தோளில் வாங்கிக்கொண்டாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "தங்கமயிலு!" என்று ஒரு சத்தம். அரிசிப் பானையைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் தோளில் ஒரு சின்னக் கறை, வாயோரம் வெள்ளையாக ஒரு கோடு. பையன் கையைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"வழிஞ்சுதா? பாஞ்சுதா?"

"வழிஞ்சுது."

"அப்ப ஒண்ணுமில்ல மதினி. இது சும்மா எதுக்களிப்பு. ஏப்பத்தோட வந்திருக்கு."

என் முந்தானையால் அவள் தோளைத் துடைத்தேன். அவள் அசையாமல் நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அப்போ எங்க அம்மை பாலுலயும் ஒண்ணும் இருந்திருக்காதுல்லா?"

"இருந்திருக்காது மதினி. நல்ல பாலாத்தான் இருந்திருக்கும்."

அவள் பையனை அடுத்த தோளுக்கு மாற்றிப் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே வெயிலுக்குப் போனாள்.